எட்டிப் பார்ப்பது வேறு, விசாரித்து அறிவது வேறு

அமுதக்கரைசல் தயாரிப்பது எப்படி என்று கேட்டால் நம்மில் யாரும் மூச்சுவிடாமல் சொல்லிவிடுவோம். பூச்சிவிரட்டிக்கு எந்தெந்தத் தழை, எத்தனை நாள் ஊறல், ஒரு டேங்குக்கு எவ்வளவு, எல்லாம் மனப்பாடம். ஆனால், "உங்க அரிசி விக்கிற கடையில பக்கத்துல யாரு பொட்டலம் இருக்கு? அவங்க என்ன விலை? அந்த விலைக்கு அவங்களுக்கு எப்படிக் கட்டுப்படியாகுது?" என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் வானத்தைப் பார்ப்போம்.

வயலைப் பொறுத்தவரை நாம் கெட்டிக்காரர்கள். இலை லேசாக வெளுத்தால்கூட ஏன் என்று குனிந்து பார்க்கிறோம். சந்தையிலும் அப்படிக் குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது. "நாம நல்ல பொருள் விளைவிக்கிறோம், தேடி வர்றவங்க வரட்டும்" என்று இருந்த காலம் போய்விட்டது. இயற்கை விளைபொருள் விற்பனையில் இப்போது பெரிய நிறுவனங்கள் இருக்கின்றன, இணையக் கடைகள் இருக்கின்றன, நம்மைப் போன்ற உழவர் குழுக்களும் ஏராளமாக வந்துவிட்டன.

போட்டியாளரைப் பற்றித் தெரிந்துகொள்வது என்றாலே சிலருக்கு ஒரு கூச்சம் வருகிறது. "அது கார்ப்பரேட்காரங்க வேலைங்க, நமக்கெதுக்கு?" என்கிறார்கள். இன்னும் சிலர் நேர் எதிர். எந்த வழியில் தகவல் வந்தாலும் சரி என்பார்கள். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. எங்கள் குழுவில் கணக்கும் விற்பனையும் பார்ப்பவன் என்ற முறையில் அந்த வழியில் நடந்து பார்த்ததை எழுதுகிறேன்.

ஆனி மாதம் வந்த புதுப் பொட்டலம்

எங்கள் குழு காவிரிக் கடைமடையில் இருக்கிறது. 40-க்குக் கொஞ்சம் கூடுதலான உழவர்கள். மாப்பிள்ளைச் சம்பா, தூயமல்லி, கருப்புக் கவுனி மூன்றும்தான் முக்கிய ரகங்கள். 2024-25 சம்பாப் பருவத்தில் சாதாரண ரக நெல்லுக்கு மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,300 ரூபாய். தமிழ்நாடு அரசின் ஊக்கத்தொகையைச் சேர்த்தால் 2,405 ரூபாய். நாங்கள் மாப்பிள்ளைச் சம்பாவுக்குக் கிலோ 35 ரூபாய், அதாவது குவிண்டாலுக்கு 3,500 ரூபாய் என்று உறுப்பினர்களுக்குப் பேசியிருந்தோம். பாதிப் பணம் நெல் எடுக்கும்போது, மீதி அரிசி விற்க விற்க.

2025 ஆனி மாதம் நாங்கள் சரக்குப் போடும் கடைகளில் ஒரு புதுப் பொட்டலம் வந்தது. அதே மாப்பிள்ளைச் சம்பா. அழகான பை. நம் அரிசி கிலோ 98 ரூபாய், அது 75 ரூபாய். ஆடி பிறப்பதற்குள் எங்கள் விற்பனை படுத்துவிட்டது. குடோனில் நெல் மூட்டைகள் அப்படியே நிற்கின்றன. ஒரு பக்கம் அந்துப்பூச்சி பயம். மறுபக்கம் பள்ளிக்கூடம் திறந்து பிள்ளைகளுக்குக் கட்டணம் கட்டவேண்டிய உறுப்பினர்கள், "மிச்சப் பணம் எப்பண்ணே வரும்?" என்று கேட்டபடி இருந்தார்கள்.

கூட்டம் கூட்டினோம். ஆளுக்கொரு யோசனை. "நாமளும் 75-க்கு இறக்கிடுவோம்" என்றார் ஒருவர். இறக்கினால் அந்த 23 ரூபாய் எங்கிருந்து வரும்? உழவருக்குத் தரவேண்டிய பாக்கியிலிருந்துதான் வரும். "அந்தக் கம்பெனிக்காரன் கலப்படம் பண்றான்னு வாட்ஸ்அப்ல போடுங்க" என்றார் இன்னொருவர். கலப்படம் என்பதற்கு என்ன ஆதாரம்? ஒன்றும் இல்லை.

கடைசியில் ஒரு பெரியவர்தான் சொன்னார்: "பயிர் ஏன் வாடுதுன்னு தெரியாம மருந்தடிக்கக் கூடாதுன்னு ஊருக்கெல்லாம் சொல்றோம். இங்க மட்டும் தெரியாம ஏன் அடிக்கணும்? முதல்ல என்ன ஏதுன்னு பாருங்கப்பா." ஒரு மாதம் அவகாசம் வாங்கிக்கொண்டு நானும் இரண்டு இளைஞர்களும் இறங்கினோம்.

பொட்டலமே பாதி சொல்லிவிடும்

முதல் வேலையாக அந்தப் பொட்டலத்தைக் காசு கொடுத்து வாங்கினோம். வெவ்வேறு கடைகளில், வெவ்வேறு வாரங்களில் நான்கு பைகள். இதைவிட நேர்மையான, மலிவான ஆய்வு வேறு கிடையாது.

பொட்டலமிட்ட பொருள்களுக்கான 2011-ஆம் ஆண்டு எடையளவு விதிகளின்படி, தயாரித்தவர் அல்லது பொட்டலமிட்டவர் பெயர், முகவரி, நிகர எடை, மாதம், ஆண்டு, அதிகபட்ச சில்லறை விலை, புகார் சொல்லத் தொடர்பு விவரம் எல்லாம் பையில் இருக்க வேண்டும். இத்தனையும் சட்டமே நமக்குக் கையில் தரும் தகவல். பொட்டலமிட்ட மாதத்தையும் நாம் வாங்கிய தேதியையும் வைத்துப் பார்த்தால் சரக்கு எவ்வளவு வேகமாக நகர்கிறது என்று ஓரளவு புரியும். நான்கு பைகளிலும் தேதி புதியதாகவே இருந்தது. சரக்கு தேங்கவில்லை, ஓடுகிறது என்று குறித்துக்கொண்டோம்.

அடுத்தது எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண். 14 இலக்கம். முதல் இலக்கம் 1 என்றால் உரிமம், 2 என்றால் சிறு வணிகருக்கான பதிவு. அடுத்த இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 24. அதற்கடுத்த இரண்டும் எண் வழங்கிய ஆண்டு. அந்த எண் நடப்பில் இருக்கிறதா என்று உணவுப் பாதுகாப்புத் துறையின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம்.

முக்கியமான விசயம் இனிமேல்தான். பையின் முன்பக்கம் 'பாரம்பரிய அரிசி' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. 'இயற்கை விளைச்சல்' என்றோ 'ஆர்கானிக்' என்றோ எங்கும் இல்லை. ஜைவிக் பாரத் முத்திரை இல்லை, பி.ஜி.எஸ். முத்திரையும் இல்லை. 2017-இல் வந்த இயற்கை உணவு ஒழுங்குமுறைகளின்படி, ஆர்கானிக் என்று சொல்லிக் கடைகளில் விற்க என்.பி.ஓ.பி. அல்லது பி.ஜி.எஸ்.-இந்தியா சான்று வேண்டும். சிறு உற்பத்தியாளர் நுகர்வோருக்கு நேரடியாக விற்பதற்கு மட்டும் விலக்கு உண்டு. அந்த நிறுவனம் ஆர்கானிக் என்று சொல்லவே இல்லை. ஆக, அவர்கள் பொய் சொல்லவில்லை. பாரம்பரியம் என்பது விதையைப் பற்றிய சொல். இயற்கை என்பது விளைவித்த முறையைப் பற்றிய சொல். வாங்குகிறவர் இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார். வாட்ஸ்அப்பில் 'கலப்படம்' என்று போட்டிருந்தால் நாங்கள்தான் அவதூறு சொன்னவர்கள் ஆகியிருப்போம்.

விலையைப் பிரித்துப் பார்த்தோம்

எதிர்க்கடை விலையைப் பார்த்து மலைக்காமல் அதைப் பிரித்துப் பாருங்கள். முதலில் நம் கணக்கு. 100 கிலோ நெல் அரைத்தால் ரகத்தையும் ஆலையையும் பொறுத்து 60, 65 கிலோ அரிசி வரும். 60 என்றே வைப்போம். கிலோ நெல் 35 ரூபாய் என்றால், ஒரு கிலோ அரிசிக்கு நெல் விலை மட்டும் 58 ரூபாய் ஆகிறது. அரவை, கல் நீக்குதல், பை, சீட்டு, வண்டி வாடகை, ஆள்கூலி, அலுவலகச் செலவு எல்லாம் சேர்த்து எங்களுக்கு 20 ரூபாய். ஆக 78. கடைக்காரருக்கு விற்பனை விலையில் 20 விழுக்காடு கழிவு. 78-ஐ 0.8-ஆல் வகுத்தால் 97 ரூபாய் 50 காசு. நம் விலை 98. (தவிடு விற்ற காசையும் வரியையும் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.)

இதையே திருப்பிப் போடுங்கள். அவர்கள் விலை 75. கடைக் கழிவு 15 போனால் 60. நம்மைப் போலவே 20 ரூபாய் செலவு என்றால் மிச்சம் 40. ஒரு கிலோ நெல்லில் 600 கிராம் அரிசி என்பதால், நெல்லுக்கு அவர்களால் தர முடிந்தது 24 ரூபாய். பெரிய ஆலை, பெரிய வண்டி, செலவு பாதிதான் என்று தாராளமாக வைத்தாலும் 30 ரூபாய். ஆக, நெல்லை 24-க்கும் 30-க்கும் நடுவே வாங்குகிறார்கள், அல்லது கடையில் இடம் பிடிக்க நட்டத்துக்கு விற்கிறார்கள். இந்த இரண்டில் ஒன்றுதான் இருக்க முடியும்.

இரண்டும் ஒன்றல்ல. நட்டத்துக்கு விற்றால் சில மாதத்தில் விலையை ஏற்றியாக வேண்டும். நாம் தாக்குப்பிடித்தால் போதும். அவர்களுக்குக் கொள்முதல் விலையே அவ்வளவுதான் என்றால் 75 நிலைக்கும். நாம் 75-க்கு இறங்கி ஓடினால் நம் உழவரும் 24 ரூபாய்க்குப் போய்ச் சேர்வார். அப்புறம் குழு எதற்கு? கமிசன் மண்டியே போதுமே!

காகிதமும் பேனாவும் வைத்து அரை மணி நேரத்தில் போட்ட கணக்கு இது. யாருடைய அலுவலகத்துக்குள்ளும் நுழையவில்லை.

திறந்து கிடக்கும் ஏடுகள்

நமக்கு வேண்டிய தகவலில் பெரும்பகுதி பொதுவில் கிடக்கிறது. தேடத்தான் ஆள் இல்லை.

பதிவுபெற்ற நிறுவனம் என்றால், அது உற்பத்தியாளர் நிறுவனமாகவே இருந்தாலும், ஆண்டுதோறும் வரவு செலவு அறிக்கையைக் கம்பெனி விவகார அமைச்சகத்தில் தாக்கல் செய்ய வேண்டும். 100 ரூபாய் கட்டினால் ஒரு நிறுவனத்தின் ஆவணங்களை யாரும் பார்வையிடலாம். எங்கள் ஊர்ப் பட்டயக் கணக்காளர் உதவியுடன் பார்த்தோம். முந்தைய ஆண்டுகளில் அந்த நிறுவனம் நட்டத்தில் ஓடியதாகத் தெரியவில்லை. அப்படியானால் 75 என்பது பெரும்பாலும் அறிமுக விலையாக இருக்காது என்று முடிவுக்கு வந்தோம். நாம் தாக்கல் செய்வதையும் மற்றவர்கள் இப்படிப் பார்க்கலாம் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

சந்தை நிலவரத்துக்கு அக்மார்க்நெட் தளம் இருக்கிறது. ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களின் வரத்தும் விலையும் நாள்தோறும் அதில் வருகின்றன. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் உள்நாட்டு மற்றும் ஏற்றுமதிச் சந்தைத் தகவல் மையம் மஞ்சள், நிலக்கடலை, சின்ன வெங்காயம் போன்ற பயிர்களுக்கு விலை முன்னறிவிப்பு தருகிறது. காய்கறி போடுகிறவர்களுக்கு உழவர் சந்தை விலைப் பலகையே போதும். 1999 நவம்பரில் மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்த காலத்திலிருந்தே அந்தப் பலகை இருக்கிறது. தினமும் ஒரு போட்டோ எடுத்து வைத்தால் ஓர் ஆண்டில் உங்கள் கையில் ஒரு பஞ்சாங்கமே இருக்கும்.

அரசு அலுவலகத்தில் உள்ள விவரம் என்றால் 2005-ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஆனால், மற்றவரின் வணிக ரகசியத்தை அந்தச் சட்டத்தின் வழியே கேட்டு வாங்கிவிட முடியாது. அதற்குப் பிரிவு 8-இல் விலக்கு உண்டு. அந்த விலக்கு நமக்கும் பாதுகாப்புத்தான்.

கடைக்காரரிடம் கேட்ட கேள்விகள்

ஏடுகள் 'என்ன' என்று சொல்லும். 'ஏன்' என்று ஆட்கள்தான் சொல்வார்கள். தஞ்சாவூர், கும்பகோணம், திருச்சி மூன்று ஊர்களிலும் 14 கடைகளுக்குப் போனோம். போகும்போதே, "அண்ணே, நாங்க இன்ன குழுவுலேர்ந்து வர்றோம், எங்க அரிசி ஏன் நிக்குதுன்னு தெரிஞ்சுக்கணும்" என்று சொல்லிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்கினோம். கல்லூரி மாணவர் என்றோ பெரிய கொள்முதல்காரர் என்றோ வேடம் போடவில்லை. உண்மையைச் சொன்னால் பேசமாட்டார்கள் என்று நினைப்பது தப்பு. உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்துப் பேசினார்கள்.

கேள்விகள் ஐந்துதான். எங்கள் பொருளை யார் வாங்குகிறார்கள்? வாங்கி நிறுத்தியவர்கள் என்ன சொன்னார்கள்? மற்றவர்களிடம் உங்களுக்குப் பிடித்தது என்ன? எது கேட்டு, இல்லை என்று அனுப்புகிறீர்கள்? நாங்கள் எதை மாற்றினால் உங்களுக்கு வசதி? 'அவங்க உங்களுக்கு எவ்வளவு கழிவு தர்றாங்க, பில்லைக் காட்டுங்க' என்று கேட்கவில்லை. அது அவர்கள் இருவருக்கும் நடுவில் உள்ள விசயம். இன்று அவர்கள் பில்லை நமக்குக் காட்டுகிற கடைக்காரர் நாளை நம் பில்லை அவர்களுக்குக் காட்டுவார்.

கிடைத்த பதில்கள் எங்கள் கூட்டத்தில் யாரும் சொல்லாதவை. விலை மூன்றாவது, நான்காவது காரணமாகத்தான் வந்தது. "அவங்க செவ்வாய்க்கிழமைன்னா செவ்வாய்க்கிழமை சரக்கு இறக்கிடுறாங்க" என்றார் ஒருவர். "மாப்பிள்ளைச் சம்பாவ ராத்திரி ஊற வைக்கணும்னு தெரியாம குக்கர்ல போட்டு, வேகலன்னு சண்டைக்கு வர்றாங்க. அவங்க பைக்குப் பின்னாடி சமைக்கிற முறை போட்டிருக்கு" என்றார் கும்பகோணத்து அக்கா ஒருவர். "கவுனி கிலோப் பையா இருக்கு. முதல்தடவ வாங்குறவங்க அரைக் கிலோதான் கேக்குறாங்க" என்றார் மூன்றாமவர். அவல், கஞ்சி மாவு, புட்டு மாவு கேட்டு ஆள் வருவதாகப் பாதிக் கடைகளில் சொன்னார்கள். அந்தப் புது நிறுவனத்திடம் அவை எதுவும் இல்லை.

ஒரு குறிப்புப் புத்தகத்தில் மூன்று பத்தி போட்டு எழுதினோம்: கண்ணால் பார்த்தது, மற்றவர் சொல்லிக் கேட்டது, நாமாக நினைப்பது. மூன்றையும் கலக்கக்கூடாது. 'பையில் ஆர்கானிக் முத்திரை இல்லை' என்பது பார்த்தது. 'ஆந்திராவிலேர்ந்து நெல் வருதாம்' என்பது கேட்டது. 'நட்டத்துக்கு விற்கவில்லை' என்பது நாமாக நினைத்தது. கேட்ட செய்தியை இரண்டு வேறு ஆட்கள் தனித்தனியாகச் சொல்லாதவரை முடிவெடுக்கப் பயன்படுத்துவதில்லை என்று வைத்துக்கொண்டோம். ஆந்திரா நெல் கதையை யாரும் இரண்டாவது முறை சொல்லவில்லை. அடித்துவிட்டோம்.

கைப்பேசியில் வந்த பட்டியல்

இந்தச் சமயத்தில்தான் ஒரு சோதனை வந்தது. எங்கள் உறுப்பினர் ஒருவரின் உறவுக்காரப் பையன். அந்த நிறுவனத்தின் பொட்டலமிடும் இடத்தில் வேலை பார்த்துவிட்டு நின்றுவிட்டவன். கூட்டத்துக்கே வந்துவிட்டான். "அண்ணே, அவங்க சரக்குப் போடுற கடை லிஸ்ட் மொத்தமும் என் போன்ல இருக்கு. எந்தக் கடைக்கு என்ன ரேட்டு, போன் நம்பர், எல்லாம். எனக்கு ஒரு வேலை போட்டுக் குடுங்க, தர்றேன்" என்றான்.

உண்மையைச் சொன்னால் கூட்டத்தில் பாதிப் பேருக்குக் கண் விரிந்தது. குடோன் நிறைய நெல்லை வைத்துக்கொண்டு இருக்கிறவனுக்கு அந்தப் பட்டியலின் மதிப்பு தெரியும். "அவன் என்ன திருடவா செஞ்சான்? வேலை பார்த்தப்போ தெரிஞ்சுக்கிட்டதுதானே?" என்று ஒருவர் வாதாடினார். "பெரிய கம்பெனிக்காரங்க நம்ம விதையையே திருடுறாங்க, இதுல என்ன?" என்றார் இன்னொருவர்.

பதில் சொன்னது எங்கள் குழுவின் அவல் வேலையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா. "இன்னிக்கு அவங்க லிஸ்ட நம்மகிட்ட கொண்டாந்த தம்பி, நாளைக்கு நம்ம லிஸ்ட யாருகிட்ட கொண்டுபோவாரு?" அவ்வளவுதான். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு கைதூக்கி முடிவெடுத்தோம். பட்டியலைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அதை அழித்துவிடச் சொன்னோம். "வேலை கேட்டு வா தம்பி, லிஸ்ட்ட வச்சுக் கேக்காதே" என்று தலைவர் அண்ணன் சொல்லி அனுப்பினார்.

நாங்கள் கடைப்பிடித்தது உலகம் ஒப்புக்கொண்ட நெறிதான். அமெரிக்காவின் பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்துக்காக வேலை பார்த்த ஆட்கள், சிகாகோவில் யூனிலீவர் அலுவலகக் குப்பைத் தொட்டியைக் கிளறித் தலைமுடிப் பராமரிப்புப் பொருள்கள் பற்றிய காகிதங்களை எடுத்தார்கள். 2001-இல் அது வெளியே வந்தது. நிறுவனத்தின் மேலிடத்துக்குத் தெரிந்ததும், அவர்களே யூனிலீவரிடம் போய்ச் சொல்லி, காகிதங்களைத் திருப்பிக் கொடுத்து, பிறகு சமரசம் செய்துகொள்ள வேண்டியிருந்தது. நமக்கு அந்தப் பெரிய நிறுவனங்களோடு கொள்கையில் ஒத்துப்போகாது. ஆனாலும் குப்பையில் எடுத்த காகிதத்தை வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தொழில் செய்ய முடியாது என்பதை அவர்களே ஒப்புக்கொண்டார்கள் என்பதைக் கவனியுங்கள்.

எங்கே கோடு போடுவது?

போட்டியாளர் தகவலைத் திரட்டுவதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு எஸ்.சி.ஐ.பி. என்று ஒரு பன்னாட்டுச் சங்கம் இருக்கிறது. 1986-இல் தொடங்கியது. சட்டத்தை மீறாதே, பேசுவதற்கு முன் நீ யார், எந்த நிறுவனம் என்று சொல் என்பவை அவர்கள் நெறியில் முக்கியமானவை. அதோடு எங்கள் அனுபவத்தையும் சேர்த்துக் குழுவுக்குச் சில விதிகள் எழுதிக்கொண்டோம்.

வேடம் போட்டுக் கேட்பதில்லை. வேலை பார்த்தவரிடமிருந்து ரகசியம் வாங்குவதில்லை. வேவு பார்க்க நம் பையனை அங்கே வேலைக்கு அனுப்புவதில்லை. ஒருவரின் கைப்பேசி எண்ணை அவர் சம்மதம் இல்லாமல் வாங்குவதும் தருவதும் இல்லை. தனிநபர் மின்னணுத் தகவல் பாதுகாப்புக்கென்றே 2023-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியிருக்கிறது.

காசு கொடுத்து வாங்கிய பொட்டலத்தை ஆய்வகத்துக்கு அனுப்பி நஞ்சு எச்சம் பார்ப்பது நம் உரிமை. ஒரு பொட்டலத்தின் முடிவை வைத்து ஊரெல்லாம் தம்பட்டம் அடிப்பது நம் உரிமை இல்லை. சந்தேகம் இருந்தால் உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் முறைப்படி புகார் கொடுக்கலாம்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. போட்டியாளரின் விலையைத் தெரிந்துகொள்வது சரி. போட்டியாளரோடு உட்கார்ந்து, "நீயும் 98 போடு, நானும் 98 போடுறேன்" என்று பேசி வைப்பது 2002-ஆம் ஆண்டு போட்டிச் சட்டத்தின்படி குற்றம். ஊரைப் பங்கு போட்டுக்கொள்வதும் அப்படித்தான்.

இந்த விதிகளைச் சுருக்கமாகச் சோதிக்க ஒரு வழி உண்டு. நாம் செய்ததை அந்தப் போட்டியாளரின் முகத்துக்கு நேராகச் சொல்ல முடியுமா? 'உங்க பைய வாங்கிப் பார்த்தேன், நல்லா இருக்கு' என்று சொல்ல முடியும். 'உங்க ஆள்கிட்ட லிஸ்ட் வாங்கினேன்' என்று சொல்ல முடியாது. அதுதான் கோடு.

தகவல் முடிவாக மாறிய விதம்

ஒரு மாதம் கழித்துக் கூட்டத்தில் குறிப்புப் புத்தகத்தை வைத்தோம். விலையை இறக்குவதில்லை என்பது முதல் முடிவு. விலைப்போட்டியில் நாம் ஜெயிக்க முடியாது, ஜெயித்தாலும் தோற்பது நம் உழவர்தான் என்பதைக் கணக்கே காட்டிவிட்டது.

இரண்டாவது, பையில் சொல்லவேண்டியதைச் சொல்வது. இயற்கை விளைச்சல் என்பதைப் பெரிதாக, பி.ஜி.எஸ். முத்திரையோடு, எந்த ஊர், எந்தப் பருவ அறுவடை என்று போட்டோம். 'உழவருக்குக் கிலோ நெல்லுக்கு 35 ரூபாய் தருகிறோம்' என்று ஒரு வரியும் சேர்த்தோம். யாரையும் குறை சொல்லவில்லை. பின்பக்கம் ஊற வைக்கும் நேரமும் தண்ணீர் அளவும்.

மூன்றாவது, கவுனிக்கு அரைக் கிலோப் பை. நான்காவது, சரக்கு இறக்க வாரத்தில் ஒரு நாளை உறுதி செய்தோம். இந்த வேலை எங்களுக்குக் கடினமாகத்தான் இருக்கிறது. மழைக்காலத்தில் இன்னும் கடினம். ஐந்தாவது, தேங்கிய மாப்பிள்ளைச் சம்பாவில் ஒரு பகுதியை அவலாகவும் கஞ்சி மாவாகவும் மாற்றினோம்.

மாயம் எதுவும் நடந்துவிடவில்லை. இரண்டு கடைகள் எங்களை நிறுத்திவிட்டன. அரிசி விற்பனை பழைய அளவுக்கு இன்னும் வரவில்லை. ஆனால் அவலும் மாவும் கைகொடுத்தன. கார்த்திகைக்குள் குடோன் ஏறக்குறையக் காலி. உறுப்பினர்களின் பாக்கி, பேசிய 35 ரூபாய்க்கே, ஒரு பைசா குறையாமல் தீர்ந்தது. எல்லாவற்றையும்விட அதுதான் எனக்கு நிறைவு.

பக்கத்துக் குழு போட்டியாளரா?

கடைசியாக ஒன்று. சந்தையில் நம் பக்கத்தில் நிற்பவர்களில் பாதிப் பேர் நம்மைப் போன்ற உழவர் குழுக்கள். அவர்களை எப்படிப் பார்ப்பது?

நெல் ஜெயராமன் அய்யா 174 பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டவர். இரண்டு கிலோ விதை கொடுத்து, மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பி வாங்கி அடுத்தவருக்குக் கொடுத்தார். அவர் விதையைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தால் இன்று நம் யாரிடமும் மாப்பிள்ளைச் சம்பா இருந்திருக்காது. அந்த மரபில் வந்த நாம் ஒருவரிடம் ஒருவர் ஒளிக்கவேண்டியது மிகக் குறைவு.

ஆகவே விதைத் திருவிழாக்களில் மற்றக் குழுக்களிடம் நேராகவே கேட்டோம்: "இந்தச் சம்பாவுக்கு என்ன ரகம், எத்தனை ஏக்கர் போடுறீங்க?" நாங்களும் சொன்னோம். எங்களுக்குத் தெரிந்த மூன்று குழுக்கள் கருப்புக் கவுனியைக் கூட்டிப் போடுவது தெரிந்தது. நாங்கள் கவுனியைக் குறைத்து, தூயமல்லியைக் கூட்டினோம். அவர்களில் ஒரு குழுவுக்கு அவல் இடிக்க எங்கள் இடத்தைத் தருகிறோம், கூலிக்கு. கடை விலையை மட்டும் பேசிக்கொள்வதில்லை. சேர்ந்துதான் விற்கவேண்டும் என்றால், கூட்டமைப்பாகப் பதிவு செய்து ஒரே பெயரில், எல்லோருக்கும் தெரிய விற்பதே நேரான வழி.

நீங்கள் தொடங்க வேண்டுமென்றால் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். இந்த வாரம் உங்கள் பொருள் இருக்கும் கடைக்குப் போங்கள். பக்கத்தில் இருக்கும் பொட்டலத்தைக் காசு கொடுத்து வாங்குங்கள். அதன் விலையை நெல்வரைக்கும் பிரித்துப் பாருங்கள். நீங்கள் யார் என்று சொல்லிவிட்டுக் கடைக்காரரிடம் அந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். பார்த்தது, கேட்டது, நினைத்தது என்று மூன்று பத்தி போட்டு எழுதுங்கள். மாதக் கூட்டத்தில் வரவு செலவு வாசிப்பதோடு இதையும் வாசியுங்கள். நடவுக்கு முன்னால் வாசித்தால் என்ன ரகம், எத்தனை ஏக்கர் என்ற முடிவுக்கே அது உதவும். அறுவடைக்குப் பிறகு வாசித்தால் குடோனைக் காலி செய்ய மட்டும்தான் உதவும்.